மாரிஸ் மைனர் டூரர் வாங்கப் போகிறீர்களா? முதலில் கால்மிதியைத் தூக்குங்கள்

சேலம் அரிசிபாளையத்தில் குஷன் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்தில் ஏற்காட்டு எஸ்டேட் ஜீப்புகளுக்குக் கேன்வாஸ் டாப் தைத்துக் கொடுத்ததுதான் எங்கள் பிழைப்பு. மலை மழைக்கும் பனிக்கும் ஒரு டாப் மூன்று வருடம் தாங்கினாலே அதிகம். அதனால் வேலைக்குக் குறைவே இருந்ததில்லை. இப்போது பஸ் சீட்டும் கார் சீட் கவரும்தான் சோறு போடுகின்றன. ஆனாலும் துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்று விலைக்கு வந்தால் எனக்கு போன் வந்துவிடும். "அண்ணா, ஒரு தடவை வந்து பார்த்துச் சொல்லுங்கள்."

மெக்கானிக்கை விட்டுவிட்டுக் குஷன்காரனை ஏன் கூப்பிடுகிறார்கள் என்று ஆரம்பத்தில் எனக்கும் புரியவில்லை. மெக்கானிக் என்ஜினைப் பார்ப்பார். நான் சீட்டைக் கழற்றுவேன், கால்மிதி மேட்டை உரிப்பேன், கதவு அட்டையைப் பிரிப்பேன். காரில் கண்ணுக்கு அழகில்லாததையெல்லாம் மூடி மறைப்பதுதான் என் தொழில். எதை எங்கே மறைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்?

போன மார்கழியில் அஸ்தம்பட்டித் தம்பி ஒருவர் வந்தார். பெங்களூரில் வேலை, கையில் கொஞ்சம் பணம், மனதில் நிறைய ஆசை. ஏற்காட்டில் ஒரு பங்களாவில் 1950ஆம் வருடத்து மாரிஸ் மைனர் டூரர் (துணிக்கூரையை மடக்கித் திறக்கும் பழைய ஆங்கிலேயக் கார்) விலைக்கு இருக்கிறதாம். "நன்றாகப் பராமரிக்கப்பட்டது, ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது" என்று தரகர் சொன்னாராம். படம் காட்டினார். கரும்பச்சை நிறம், கூரை மடக்கிய கோலம், பின்னால் சில்வர் ஓக் மரங்கள். கல்யாணத்துக்குப் பெண்ணைக் காட்டுகிற படம் மாதிரி இருந்தது.

"கூரையை மூடி எடுத்த படம் இருக்கிறதா?" என்று கேட்டேன். இல்லை.

திறந்த கோலத்தை மட்டும் காட்டி விற்பவரிடம் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும். துணி கிழிந்திருக்கலாம். மடக்குச் சட்டம் வளைந்திருக்கலாம். அல்லது மூடிய பிறகும் துணி இழுத்துப் பிடிக்காமல் பழைய வேட்டிபோலத் தொங்கலாம். கடைசியாகச் சொன்னது கிழிசலைவிட மோசம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

பார்க்கப் போவதற்கு முன்னால் விற்பவரிடம் மூன்று வேண்டுகோள் வையுங்கள். காரைக் கழுவ வேண்டாம். நாங்கள் வரும்வரை என்ஜினை ஓடவிட வேண்டாம். முந்தின இரவே கூரையை மூடிவைத்துவிடுங்கள். இந்த மூன்றுக்கும் முகம் சுளிக்காமல் சம்மதிக்கிறவரிடம் பாதிக் கவலை விட்டது. கையில் ஒரு டார்ச், துணியில் சுற்றிய சின்னக் காந்தம், ஜாக்கி, அதன் தலையில் வைக்க ஒரு பலகைத் துண்டு, படுத்துப் பார்க்கப் பழைய பெட்ஷீட், ஐந்து லிட்டர் தண்ணீர் இருந்தால் போதும். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள் காருக்கு அடியில் படுக்க மாட்டார்கள் என்பது என் அனுபவம். லுங்கியோ பழைய பேண்ட்டோ நல்லது.

வண்டியின் கதையை இரண்டு வரியில் சொல்லிவிடுகிறேன், சோதனைக்கு உதவும். 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மாரிஸ் மைனர் வெளிவந்தது. வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ், பின்னாளில் மினி காரையும் செய்தவர். உற்பத்திக்குப் போகும் நேரத்தில் கார் ஒடுங்கலாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரி வண்டியை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, இடையில் நான்கு அங்குலம் விட்டுப் பார்த்து, அந்த அகலத்தையே வைத்துக்கொண்டார். அதனால்தான் பானட்டின் நடுவே முன்னும் பின்னுமாக ஒரு தட்டையான பட்டை ஓடுகிறது. பம்பர்கள் அதற்கு முன்பே அச்சடித்துத் தயாராக இருந்ததால், ஆரம்ப வண்டிகளில் அவற்றையும் நடுவில் வெட்டி, நான்கு அங்குலத் தகடு வைத்து ஒட்டுப்போட்டார்கள்.

இதை ஊர்க்கதையாகச் சொல்லவில்லை. உள்ளங்கையைப் பானட்டில் வைத்து இடமிருந்து வலமாகத் தடவுங்கள். பட்டையின் இரண்டு ஓரமும் விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மழுங்கியும் இருந்தால் அங்கே பள்ளத்தை நிரப்பும் பட்டி பூசியிருக்கிறது, முன்பு எங்கேயோ இடித்திருக்கிறது என்று பொருள். கண் ஏமாறும் இடத்தில் கை ஏமாறாது.

இன்னொன்று. 1951 வரை வந்த டூரரில் கதவுக்குப் பின்னால் நிலையான கண்ணாடி கிடையாது, கழற்றி மாட்டும் பக்கத்திரைகள்தான். அதற்குப் பிறகுதான் கண்ணாடி வைத்து, கன்வெர்டிபிள் என்று பெயரையும் மாற்றினார்கள். எனவே 1950 டூரர் என்று சொன்னால் "பக்கத்திரைகள் எங்கே?" என்று கேளுங்கள். பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். ஏற்காட்டு வீட்டில் நான் கேட்டதும், வீட்டுக்கார அம்மா (எண்பதைத் தாண்டியவர்) உள்ளே போய்ப் பரண்மேல் ஏறச் சொல்லி வேலைக்காரப் பையனை அனுப்பினார். கம்பளியில் சுற்றி, கயிறு கட்டி, இரண்டும் இருந்தன. அந்தக் கம்பளி முடிச்சைப் பார்த்தபோதுதான் "நன்றாகப் பராமரிக்கப்பட்டது" என்ற சொல்லை நான் கொஞ்சம் நம்ப ஆரம்பித்தேன். பெயிண்ட்டைப் பார்த்து அல்ல.

இனி கால்மிதி.

மாரிஸ் மைனருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. உடலும் சட்டமும் ஒன்றே. மூடி போட்ட செருப்புப் பெட்டியைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள். பிறகு மூடியை எடுத்துவிட்டு முறுக்குங்கள். கூரையுள்ள காருக்கும் கூரையில்லாத காருக்கும் அதுதான் வித்தியாசம். டூரரில் கூரை செய்ய வேண்டிய வேலையையும் தரையும், கதவுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களும் சேர்த்துச் சுமக்கின்றன. தரை இற்றுப்போன சலூன் (தகட்டுக் கூரை போட்ட கார்) வெறும் பழைய கார். தரை இற்றுப்போன டூரர் நடுவில் மடியக் காத்திருக்கும் கார்.

ஓட்டுநர் பக்கத்து மேட்டை முழுதாகத் தூக்குங்கள். ஓரத்தை மட்டும் மடக்கிப் பார்த்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். அங்கே, ஓட்டுநரின் காலடியில், தரைத்தகட்டுக்கு அடியில்தான் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் இருக்கிறது. பிரேக் ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டுமென்றால் மேட்டைத் தூக்கி, மூடியைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். அப்படியானால் என்ன? மேட் தரையோடு பசைபோட்டு ஒட்டியிருந்தால், அதை ஒட்டிய நாளிலிருந்து யாரும் பிரேக் ஆயிலைப் பார்க்கவில்லை. இதைவிட வெளிப்படையான வாக்குமூலம் வேறு வேண்டுமா? ஒருமுறை பள்ளப்பட்டியில் ஒரு வண்டிக்குப் புதுச் சிவப்புக் கார்ப்பெட் வெகு நேர்த்தியாக ஒட்டியிருந்தது. கத்தியால் கிழிக்கட்டுமா என்று கேட்டேன். சொந்தக்காரர் பதறினார். நாங்கள் தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஏற்காட்டு வண்டியில் மேட் சும்மாதான் கிடந்தது. தூக்கியதும் காப்பித் தொலி ஒரு கைப்பிடி கொட்டியது. எலி கூடு கட்டியிருந்திருக்கிறது. தம்பி முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை, தொலி காய்ந்து கலகலவென்று இருந்தது. ஈரம் தேங்கும் தரையில் அது அழுகிக் கறுத்துப்போயிருக்கும். பிறகு டார்ச்சைத் தரைக்குக் கிடையாகப் பிடித்து ஒளியை ஓடவிட்டேன். நேராக அடித்தால் மேடுபள்ளம் தெரியாது, சாய்த்து அடித்தால்தான் தெரியும். சில இடங்களில் கட்டைவிரலால் அழுத்தினேன். காந்தத்தைத் துணியோடு பக்கச் சட்டத்தின் நீளத்துக்கு இழுத்தேன். வலப்பக்கம் முழுதும் பிடித்தது. இடப்பக்கம் பின்சக்கரத்துக்கு அருகே ஒரு சாண் தூரம் வழுக்கியது. அங்கே பட்டி. உள்ளே எவ்வளவு இரும்பு மிச்சம் என்பது டிங்கர் (தகடு வேலைக்காரர்) பிரித்தால்தான் தெரியும். துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டேன், சத்தம்போட்டுச் சொல்லவில்லை. அந்த அம்மா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

அடுத்தது கதவு. காரைச் சமதரையில் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு, கதவின் பின்பக்க இடைவெளியை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஒரே அளவாக இருக்க வேண்டும். மேலே ஒடுங்கி, கீழே விரிந்திருந்தால் வண்டியின் நடு இறங்கிவிட்டது. பிறகு பக்கவாட்டில் ஜாக்கி முனையில் பலகை வைத்து மெல்லத் தூக்கி, கதவைத் திறந்து சாத்திப் பாருங்கள். நல்ல உடம்பு என்றால் முன்போலவே சாத்தும். இற்ற உடம்பு என்றால் கதவு முனகும், பூட்டு கொக்கியைத் தேடும். தூக்கிய நிலையில் சக்கரத்துக்கு முட்டுக்கல் வைக்க மறக்காதீர்கள். அடியில் இப்போது படுக்கவும் வேண்டாம்.

கூரையை வெட்டிய சலூனை டூரர் என்று விற்பவர்களும் உண்டு. தொழிற்சாலையிலிருந்து வந்த டூரருக்கு டேஷ்போர்டுக்கு அடியில் இரண்டு ஓரத்திலும், கதவுத் தூண்களின் அடியிலும் கூடுதல் தகடுகள் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். தலையைக் கீழே விட்டு டார்ச் அடித்தால் தெரியும். ஆர்.சி. புத்தகத்தில் உடல் வகை என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். சலூன் என்று எழுதியிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

இப்போது என் சொந்த வயலுக்கு வருகிறேன்: கூரை.

மூடிய கூரையின்மேல் விரல் நகத்தால் சுண்டுங்கள். பறைபோல இல்லாவிட்டாலும் ஒரு விறைப்புச் சத்தம் வர வேண்டும். தொளதொளவென்று இருந்தால் மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, தைத்தவன் அளவு தப்பிவிட்டான். இரண்டு, உள்ளே வளைவுக் கம்பிகளை இடைவெளி மாறாமல் பிடித்திருக்கும் நாடாப் பட்டைகள் அறுந்துவிட்டன. மூன்றாவதுதான் முன்னே சொன்ன மோசமான விஷயம். வண்டியின் நடு இறங்கும்போது முன்கண்ணாடிச் சட்டமும் பின் உடம்பும் மேல்பக்கத்தில் ஒன்றையொன்று நெருங்கிவிடுகின்றன. துணிக்கு மிச்சம் விழுகிறது. அது தொங்குகிறது. விற்பவர் என்ன செய்வார்? துணியை முன்னே இழுத்து, மிச்சத்தை உள்ளே மடித்து, முன்பக்க மரச்சட்டத்தில் புதிதாக ஆணி அடித்துவிடுவார். விறைப்பு வந்துவிடும்.

அதைக் கண்டுபிடிக்க, கூரையின் முன்கொக்கிகளைக் கழற்றி, சட்டத்தை ஒரு சாண் தூக்கி, மரத்தின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சின்ன ஆணி வரிசை ஒன்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் அரை அங்குலமோ ஓர் அங்குலமோ தள்ளி, காலியான ஓட்டை வரிசை ஒன்று இருக்கிறதா? துணி மாற்றும்போது ஓட்டைகள் தாறுமாறாகக் கூடுவது சகஜம். அது பயமில்லை. ஆனால் துணியில் பழைய மடிப்புக் கோடு ஒன்று மரத்தைத் தாண்டி உள்ளே போயிருந்தால், அதே துணியை இழுத்து அடித்திருக்கிறார்கள். அப்போது மறுபடியும் கதவு இடைவெளிக்குப் போங்கள், இந்தத் தடவை இரக்கமில்லாமல் பாருங்கள்.

ஏற்காட்டு வண்டியின் கூரையும் தொங்கத்தான் செய்தது. என் வயிறு கொஞ்சம் கலங்கியது. கதவு இடைவெளியோ சரியாக இருந்தது. உள்ளே தலையை விட்டு அண்ணாந்து பார்த்தேன். நாடாப் பட்டைகளே இல்லை! யாரோ கூரை மாற்றியபோது பழைய பட்டைகளை அறுத்து எறிந்துவிட்டு, புதிது வைக்காமலேயே துணியைப் போர்த்தியிருக்கிறார்கள். நடுவளைவு பின்னால் சாய்ந்து கிடந்தது. கையால் அதை முன்னே தள்ளிப் பிடித்தேன். துணி விறைத்துவிட்டது. மூன்று முழம் பட்டையில் தீர்கிற காரியம். செய்தவன் என் தொழில்காரன்தான், வெட்கமாக இருந்தது.

தையலையும் பாருங்கள். நைலான் நூல் வெயிலில் நாளாக ஆகப் பொடிந்துவிடும். தையலின்மேல் நகத்தால் கீறினால் தூள் வரும். கேன்வாஸின் மடிப்புகளை முகர்ந்து பாருங்கள், பூசண வாடை இருந்தால் ஈரத்தோடு மடக்கியிருக்கிறார்கள். மலையில் இது சாதாரணமாக நடக்கிற தவறு. மழையில் நனைந்த கூரையை மடக்கவே கூடாது, மூடியபடியே காயவிட வேண்டும். மடிப்புக்குள் இருக்கும் அழுக்கும் கதை சொல்லும். காப்பித் தொலியும் செம்மண்ணும் இருந்தால் மலை வண்டி. வெள்ளைப் புழுதி இருந்தால் மாமாங்கம், சுண்ணாம்புக் கரடு பக்கம் நின்ற வண்டி. ஒருவர் "ஏற்காட்டைவிட்டு இறங்கியதே இல்லை" என்று சத்தியம் செய்த வண்டியின் மடிப்பிலிருந்து நான் அந்த வெள்ளை மாக்னசைட் புழுதியைத் தட்டிக் கொட்டியிருக்கிறேன்.

முன்சக்கரம் பற்றிச் சொல்லும்போது என் தவறையும் சொல்லியாக வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால் தெரிந்தவர் ஒருவருக்காக இதே மாதிரி மைனர் ஒன்றைப் பார்த்தேன். தரை தங்கம், கூரை அருமை. "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றேன். ஒரு மாதம் கழித்து ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதும் ஒடித்துத் திருப்பியவுடன், இடது முன்சக்கரம் கால் முறிந்த ஆட்டுக்குட்டி மாதிரி உள்ளே மடிந்து விழுந்தது. வேகம் பத்துக் கிலோமீட்டர்கூட இருந்திருக்காது. அதனால் பிழைத்தார்கள்.

இந்த வண்டியில் முன்சக்கரம் திரும்புவதற்கான அச்சாகிய கிங் பின், மேலும் கீழும் டிரன்னியன் என்ற உலோகத் துண்டுகளில் மரைபோட்டுச் செருகியிருக்கிறது. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அந்த மரை சுற்றுகிறது. ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ் அடித்தால் காலத்துக்கும் உழைக்கும். அடிக்காவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் கழன்றுவிடும். கழலுவதும் வேகமாகப் போகும்போது அல்ல, மெதுவாகப் போய் முழுதும் திருப்பும்போதுதான். இருபது கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமில்லாத குறை வேறு இருக்க முடியாது.

அன்றைக்கு நான் பார்க்கத் தவறியது இதுதான்: கிரீஸ் ஏற்றும் சின்னக் குமிழான நிப்பிளின் வாய்மேல் பெயிண்ட் படிந்திருந்தது. வண்டிக்குப் புதுப் பெயிண்ட் அடித்தபோது நிப்பிளுக்கும் சேர்த்து அடித்திருக்கிறார்கள், அதற்குப் பிறகு கிரீஸ் துப்பாக்கி அங்கே போகவே இல்லை. நிப்பிள் அழுக்காக, சுற்றிலும் பழைய கிரீஸ் பிதுங்கி, மண் ஒட்டி அருவருப்பாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அது பராமரிப்பின் அழுக்கு. பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றிச் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். டக்கென்று ஆட்டம் இருந்தால் கழற்றிப் பார்க்காமல் ஓட்ட வேண்டாம். ஏற்காட்டு வண்டியின் நிப்பிள்கள் நான்கு மாதப் பிள்ளையின் வாய்போல வழிந்துகொண்டிருந்தன.

என்ஜினைப் பற்றி மெக்கானிக்கிடம் கேளுங்கள், நான் செய்வதை மட்டும் சொல்கிறேன். 1950இன் மைனருக்கு 918 சி.சி. சைடு வால்வு என்ஜின், 27.5 குதிரைத்திறன். இன்றைய ஸ்கூட்டர்கள் மூன்று நான்கைச் சேர்த்தால் அந்தத் திறன் வந்துவிடும். நம் பக்கம் பல வண்டிகளில் இந்த என்ஜின் போய் வேறு என்ஜின் உட்கார்ந்திருக்கும். ஓட்ட வசதிதான், ஆனால் காகிதத்தில் தலைவலி, கீழே சொல்கிறேன். முதலில் சாவி போடாமல், கைப்பிடி இரும்பை முன்னால் செருகி மெல்லச் சுற்றுங்கள். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்த்து உதைத்தால் கட்டைவிரல் போய்விடும். நான்கு இடத்தில் ஒரே அளவு திமிறல் தெரிந்தால் நல்லது. ஒன்று மட்டும் வெண்ணெயாகச் சுற்றினால் வால்வோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கிறது.

பிறகு சாவியைத் திருப்பிக் காதைக் கொடுங்கள். எஸ்.யூ. பெட்ரோல் பம்ப் டக்டக்கென்று வேகமாக அடித்து, மெதுவாகி, நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கேயோ காற்று உள்ளே போகிறது, அல்லது பெட்ரோல் வெளியே போகிறது. இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் பழைய ரப்பர்க் குழாய்களுக்கு ஆகாது, ஊறி வெடிக்கும். குழாய் எதுவானாலும் வாங்கியவுடன் மாற்றிவிடுங்கள், விலை பேசும்போது அதைக் குறையாகச் சொல்ல வேண்டாம்.

மலையில் ஓட்டிப் பார்ப்பதுதான் இறுதிப் பரீட்சை. ஆரம்ப மைனர்களில் தண்ணீர் பம்ப் கிடையாது. சூடான நீர் தானே மேலே ஏறும், ரேடியேட்டரில் குளிர்ந்தது தானே கீழே இறங்கும். சமவெளியில் இது போதும். மேட்டில் மெதுவாக ஊர்ந்துகொண்டு, என்ஜின் முழு பலத்தோடு உழைக்கும்போது திணறும். அதனால் சேலத்தில் இருக்கிற வண்டி என்றால் அடிவாரத்திலிருந்து மேலே ஓட்டுங்கள். மேலே இருக்கிற வண்டி என்றால் ஐந்தாறு வளைவு இறங்கித் திரும்பி ஏறுங்கள். முதல் கியருக்கு, பற்களை உரசாமல் சேர்த்துவைக்கும் சிங்க்ரோமெஷ் இல்லை. வளைவில் ஓடிக்கொண்டே முதல் கியருக்குத் தள்ளினால் பல் கடிக்கும். ஒன்று, வளைவுக்கு முன்னாலேயே கிட்டத்தட்ட நிறுத்திப் போட வேண்டும், அல்லது கிளட்ச்சை இரண்டு முறை மிதித்துப் போடத் தெரிய வேண்டும். கூடவரும் டிரைவருக்குத் தெரியாவிட்டால் பரீட்சையில் தோற்பது வண்டி அல்ல, அவர்.

நாங்கள் ஏழு வளைவு இறங்கி ஏறினோம். இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே விட்டேன். நான்கு சக்கரத்திலும் சின்ன டிரம் பிரேக்தான், அதையே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். கீழே ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையை நீட்டி அனல் பார்த்தோம். வலது பின்சக்கரம் மட்டும் குளிர்ந்திருந்தது. அந்தப் பக்கம் பிரேக்கே பிடிக்கவில்லை. அதையும் சீட்டில் எழுதினேன். ஏறும்போது வியர்த்ததே தவிர கொதிக்கவில்லை. ஐந்து லிட்டர் தண்ணீர் அப்படியே திரும்பி வந்தது.

வயரிங்கில் ஒன்றே ஒன்று: இதில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். பழக்கமில்லாத எலெக்ட்ரீஷியன் "தப்பாக இருக்கிறதே" என்று மாற்றிவிடுவார். முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

காகிதம். ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் பானட்டுக்குள் இருப்பவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பென்சில் தேய்த்து எடுத்துப் பாருங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. பெரியவர்கள் காலமான வீடுகளில் ஆர்.சி. தாத்தா பெயரிலேயே இருக்கும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடத் தயாரா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடுங்கள். 2021இல் மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்கென்று தனி விதி கொண்டுவந்தது. ஐம்பது வருடத்துக்கு மேலான, சொந்த உபயோகத்துக்கான வண்டிகளுக்குப் பொருந்தும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. புதிதாகப் பதிந்தால் எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும், ஏற்கெனவே பதிவுள்ள வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் சேசிஸிலோ உடம்பிலோ என்ஜினிலோ மாற்றம் செய்த வண்டிக்கு இந்தச் சலுகை இல்லை. கூரை வெட்டிய சலூனைத் தவிர்க்கச் சொன்னதும், மாற்றிய என்ஜின் காகிதத்தில் தலைவலி என்றதும் இதனால்தான். இந்தப் பதிவில் இருக்கும் வண்டியை அன்றாடம் சாலையில் ஓட்டவும் முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்குத்தான். தினமும் ஆபீசுக்கு ஓட்ட ஆசைப்படுகிறவர் இதைப் படித்துவிட்டு ஒரு மாருதி வாங்கிக்கொள்ளலாம்.

விலை பேசும் நேரம் வந்தது. தம்பி என் துண்டுச் சீட்டை வாங்கிப் பார்த்தார். இடப்பக்கச் சட்டத்தில் ஒரு சாண், வலது பின் பிரேக், கூரைப் பட்டை. மூன்றே வரி. "அண்ணா, நிறையக் குறை சொல்லி விலையைக் குறைக்கலாம் என்று பார்த்தேன்" என்றார் மெதுவாக. குறை சொல்லி விலை குறைப்பது வேறு, குறையின் கூலியைக் கணக்குப் போட்டுக் கழிப்பது வேறு. டிங்கருக்கு இவ்வளவு, பிரேக்குக்கு இவ்வளவு, எனக்கு இவ்வளவு என்று அந்த அம்மா முன்னாலேயே எழுதிக் கூட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிக்கு வரி படித்தார். "குஷனுக்கு ஏன் இவ்வளவு குறைவாகப் போட்டிருக்கிறீர்கள்?" என்று கேட்டார். பட்டை மட்டும்தான் அம்மா, துணி நன்றாக இருக்கிறது என்றேன். கூட்டிய தொகையைப் பேரம் பேசாமல் கழித்துக்கொண்டார். பக்கத்திரைகளைக் கம்பளியோடு கொடுத்தார், கம்பளியை மட்டும் திருப்பி அனுப்பச் சொன்னார்.

வண்டி இன்னும் மேலேதான் நிற்கிறது. பெயர் மாற்றம் முடியட்டும் என்று காத்திருக்கிறோம். கூரைச் சட்டத்தை மட்டும் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். நடுவளைவுக்குப் பட்டை போட்டாகிவிட்டது. பக்கத்திரையில் ஒன்றுக்கு ஓரத் துணி மாற்ற வேண்டும், கேன்வாஸ் வாங்கி வைத்திருக்கிறேன். அதை நனைத்து, நன்றாகக் காயவைத்து, சுருங்க வேண்டிய அளவு சுருங்கிய பிறகுதான் வெட்ட வேண்டும். இந்தப் பனியில் காயாது. தை கழிந்து வெயில் ஏறட்டும்.